தூங்கித் தூங்கி மழையை அளக்கும் கருவி

2016 மே 17. கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலையும், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயன்களுக்கு மேலிருந்த சரிவும் ஒரே நாளில் இடிந்து விழுந்தன. இரண்டுக்கும் முன்னர் பெய்தது அடைமழை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். இது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல்.

மழையில் முதலில் போவது மின்சாரம். ஆகவே நான் செய்த மழைமானி பற்றரியிலேயே இயங்குகிறது. 0.2 மில்லிமீற்றருக்கு ஒருமுறை அதன் கிண்ணம் கவிழும். கிண்ணத்திலுள்ள காந்தம் சுவிட்சை மூடும். தூங்கும் அட்மெகா328 மைக்ரோகொன்ட்ரோலர் விழித்து எண்ணிவிட்டு மீண்டும் தூங்கும். 500 கவிழ்வு 100 மில்லிமீற்றர். 25 கவிழ்வுக்கு ஒருமுறை லோரா ரேடியோ கீழே லயனுக்குத் தகவல் அனுப்பும்.

முதல் கருவி ஒன்றரை மாதத்துக்குள் நின்றுபோனது. காரணம் பலகையிலிருந்த சிறு சிவப்பு விளக்கு. தூங்கும் சிப்புக்கு மைக்ரோ அம்பியர் போதும். விளக்கு மில்லி அம்பியர் கணக்கில் குடித்தது. அதைக் கழற்றினேன்.

இது அரச எச்சரிக்கைக்கு மாற்றல்ல. சுவர் வெடித்தால் கருவியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். 150 வந்தால் வெளியேறச் சொல்லலாம். எங்கே போவது என்பதை மழைக்கு முன்பே தோட்டம் முடிவுசெய்திருக்க வேண்டும்.