100 வாட் யாருக்குத் தேவைப்பட்டது? கிட்டார் ஆம்ப் கதை, ஹான்வெல் முதல் தாம்பரம் வரை

[எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.]

சேலையூர்ல இருந்து ஒரு நேயர் எழுதியிருந்தார். வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வந்திருக்கு. கிட்டார் ஏற்கெனவே இருக்கு. காலேஜ் நாள்ல இருந்தே 100 வாட் ஆம்ப் ஒண்ணு வாங்கணும்னு ஆசை. வீடு ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோட பொதுச்சுவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்ல வாசிக்கிறார், வருஷத்துக்கு ரெண்டு மூணு மேடை கிடைக்குது. அவரோட கேள்வி: 100 வாட் இல்லாம மேடை ஏறினா எடுபடுமா?

ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம். ஆனா அந்த 100ங்கற எண் எங்கேருந்து வந்ததுன்னு தெரிஞ்சா, பதிலை நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க. அதனால முதல்ல லண்டன் போவோம், அப்புறம் தாம்பரம் திரும்புவோம்.

டிரம்ஸ் வாத்தியார் கடை

ஜிம் மார்ஷல் ஒரு டிரம்ஸ் ஆசிரியர். 1960ல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை திறந்தார். அமெரிக்க ஆம்ப்கள் அங்கே விலை அதிகம். கடைக்கு வந்த இளம் கிட்டார் கலைஞர்கள் நச்சரித்ததால், 1962ல் தன் டெக்னீஷியன்களோடு சேர்ந்து, ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டை ஒட்டி ஒன்றைத் தயாரித்தார். அதுதான் ஜே.டி.எம். 45.

அது போதவில்லை. 1965 வாக்கில் 'தி ஹூ' குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விஸ்லும் இன்னும் பெரிய சத்தம் கேட்டார்கள். 100 வாட் ஆம்ப் பிறந்தது. டவுன்ஷெண்டுக்காக 12 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்து ஒரே பெட்டியாகச் செய்து கொடுத்தார் மார்ஷல். தூக்குகிறவர்களுக்கு முதுகு போனது. அதனால் பெட்டியை இரண்டாகப் பிரித்து, நாலு ஸ்பீக்கர் பெட்டிகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினார்கள். ராக் போஸ்டர்களில் நாம் பார்த்து வளர்ந்த 'மார்ஷல் ஸ்டாக்' அப்படித்தான் வந்தது.

ஏன் அவ்வளவு சத்தம்? இளமைத் திமிர்னு மட்டும் சொல்லிட முடியாது. அன்றைய ஹால்களில் பி.ஏ. சிஸ்டம் பாடகரின் குரலுக்கு மட்டும்தான். மேடையின் இரண்டு பக்கமும் ஒல்லியாக ஒரு ஸ்பீக்கர் தூண், அவ்வளவுதான். கிட்டாருக்கு மைக் கிடையாது, டிரம்ஸுக்கும் பெரும்பாலும் கிடையாது. கடைசி வரிசைக்குக் கிட்டார் கேட்கணும்னா, மேடையில் இருக்கும் அந்த ஆம்ப்பேதான் அவ்வளவு தூரம் தள்ளணும்.

இதுக்கு உச்சகட்ட உதாரணம், 1965 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஷே ஸ்டேடியம். பீட்டில்ஸ் கச்சேரி, சுமார் 55,600 பேர். வாக்ஸ் நிறுவனம் அவர்களுக்காக 100 வாட் ஆம்ப்கள் செய்து கொடுத்திருந்தது. அப்படியும் கூட்டத்தின் அலறலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பீட்டில்ஸ் மேடைப் பயணத்தையே நிறுத்திவிட்டார்கள்.

பிரச்சினையைத் தீர்த்தது பெரிய ஆம்ப் இல்ல, பெரிய பி.ஏ. 1967ல் இங்கிலாந்தின் வின்ட்சர் விழாவில் சார்லி வாட்கின்ஸ் 1,000 வாட் சிஸ்டம் ஒன்றை நிறுத்தினார். அன்றைக்கு அது பிரமாண்டம். அதன்பிறகு மிக்ஸர் வளர்ந்தது, மானிட்டர் ஸ்பீக்கர் வந்தது, கிட்டார் ஆம்ப் முன்னாடி ஒரு மைக் நின்றது. கடைசி வரிசைக்குச் சத்தம் கொண்டுபோகும் வேலை ஆம்ப்பிடமிருந்து பறிபோனது. ஆனா அந்த அடுக்கு மட்டும் மேடையை விட்டுப் போகல. பிற்காலப் பெரிய ராக் மேடைகள்ல நீங்க பார்க்கிற பெட்டிகள்ல பல, உள்ளே ஸ்பீக்கரே இல்லாத வெறும் பெட்டிகள். நம்ம ஊர் கட்-அவுட் மாதிரி!

வாட் கணக்கு

இங்க கொஞ்சம் கணக்கு பார்த்துடலாம், ரெண்டு நிமிஷம்தான்.

வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு 'கொஞ்சம் கூடியிருக்கோ' என்கிற அளவுதான் தெரியும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆக, 100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்ப்பைவிட இரண்டு மடங்கு சத்தம், பத்து மடங்கு இல்ல. நல்ல 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தாலே, ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபல் வரும்.

அந்த 100 டெசிபலைச் சாதாரணமா நினைக்காதீங்க. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த வரம்பு, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான். டவுன்ஷெண்ட் பிற்காலத்தில் தன் காது பாதிப்பைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார்.

இன்னொரு விஷயம். வால்வு ஆம்ப்பை அதன் எல்லைக்குத் தள்ளும்போதுதான் அந்தக் கரகரப்பு, அந்த 'கத்தல்' வரும். 100 வாட்டை அந்த எல்லைக்குத் தள்ள வீட்டில் வழியே இல்லை. சின்ன ஆம்ப் சீக்கிரமே அங்கே போயிடும். 1970ல் 'லைலா' ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் வாசித்தது ஃபெண்டர் சாம்ப், சுமார் 5 வாட். வாக்ஸ் ஏ.சி. 15ல் இருக்கும் இ.எல். 84 வால்வு, அந்தக் காலத்து ஐரோப்பிய ரேடியோக்கள் பலவற்றிலும் இருந்த அதே வால்வுதான். தாத்தா வீட்டு வால்வு ரேடியோவும் அந்த ஆம்ப்பும் ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்குங்க.

நம்ம மேடையில் மைக் செட் முதலில் வந்தது

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

லண்டனில் 60களில் நடந்தது தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முன்னாடியே குரலுக்கு நடந்துவிட்டது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் காலத்து நாடக மேடையை நினைச்சுப் பாருங்க. மைக் இல்லை. கொட்டகையின் கடைசி ஆளுக்குக் கேட்கணும்னா உச்ச சுருதியில் பாடியே ஆகணும். அவர்களோட தொண்டைதான் அன்றைய 100 வாட் ஆம்ப். மைக் வந்த பிறகு அந்தக் கட்டாயம் போனது. மெதுவாகப் பாடினாலும் கேட்கும், நுணுக்கம் தெரியும்.

அதன்பிறகு கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் மைக் செட்தான். மெல்லிசைக் கச்சேரியில் எலக்ட்ரிக் கிட்டார் ஏறியபோது அந்த மைக் செட் ஏற்கெனவே மேடையில் இருந்தது. கீபோர்டு, ரிதம் பேட், கிட்டார் எல்லாம் ஒரே மிக்ஸருக்கு ஒயர் இழுத்தாகிவிடும். அங்கே கிட்டார் ஆம்ப், வாசிப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள மட்டும். பல மேடைகளில் அதுவும் கிடையாது. அதனால், லண்டன்காரருக்கு 100 வாட் தேவையா இருந்தது, நமக்கு அது பெரும்பாலும் படமாத்தான் வந்தது. எம்.டி.வி. பார்த்து, கேசட் அட்டை பார்த்து.

ஆம்ப்பைச் சத்தத்துக்காக அல்லாமல் வேறொன்றுக்காகப் பயன்படுத்தியவரும் நம்ம ஊரில்தான் இருந்தார்: மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலினில் தந்தியைத் தட்டிய உடனே நாதம் தேய்ந்துவிடும், கமகம் நிற்காது. அவர் ஐந்து தந்தி எலக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். பிக்கப்பும் ஆம்ப்பும் அவருக்குக் கொடுத்தது நீண்டு நிற்கும் நாதம். அதை வைத்துத்தான் ஒரு சிறுவன் கர்நாடக இசை உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தான்.

தாம்பரத்தில் எங்கே வாசிக்கிறோம்?

தென்சென்னைப் புறநகரில் கிட்டார் வாசிப்பவருக்கு என்னென்ன மேடை கிடைக்கும்? முதலில் சர்ச். பல்லாவரம், பரங்கிமலை தொடங்கி தாம்பரம் வரைக்கும் நிறைய பேர் கிட்டாரை முதலில் கையில் எடுத்தது அங்கேதான். கிட்டாரிலிருந்து டி.ஐ. பாக்ஸ், அங்கேருந்து மிக்ஸர். அடுத்தது காலேஜ் கல்ச்சுரல்ஸ். 1937ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறித்தவக் கல்லூரியின் 'டீப்வுட்ஸ்', கிண்டி பக்கம் ஐ.ஐ.டி.யின் 'சாரங்'. இந்த மாதிரி மேடைகளில் ஆம்ப் வாடகை சவுண்ட்காரர் கொண்டுவந்து வைத்திருப்பார், அதன் முன்னாடி மைக்கும் இருக்கும். 1975ல் வந்த ரோலண்ட் ஜே.சி. 120ஐ இன்னைக்கும் அப்படிப்பட்ட மேடைகள்ல பார்க்கலாம். உங்க சொந்த ஆம்ப்பை யாரும் கேட்கப்போறதில்லை.

சொந்தமா கொண்டுபோறேன்னு அடம் பிடிச்சா? நாலு ஸ்பீக்கர் பெட்டி மட்டும் 35 கிலோவுக்கு மேல. அதைத் தாம்பரம்–பீச் மின்சார ரயில்ல ஏத்தி, மாம்பலம் கூட்டத்துல இறக்கிப் பாருங்க.

அப்புறம் வீடு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. உங்க இடத்தின் எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. ஒரு வாட்டுக்கே 97 டெசிபல்னு இப்பதான் பார்த்தோம். ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரனையும் தலைக்கு மேல போற விமானத்தையும் காட்டி நியாயம் பேசலாம். ஆனா பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது பதில் ஆகாது.

அப்ப பெரிய ஆம்ப் வேண்டவே வேண்டாமா?

சில இடத்தில் வேணும். கிட்டாருக்கு மைக் இல்லாத சின்ன ஹால், பக்கத்தில் முழு டிரம் செட், உங்களுக்கோ கரகரப்பு இல்லாத சுத்தமான ஒலி வேணும். அங்கே 5 வாட் பத்தாது. 30 வாட் வால்வு, இல்லேன்னா 50, 60 வாட் டிரான்சிஸ்டர் தாராளமாப் போதும். பேஸ் கிட்டார் கதை தனி. தாழ்ந்த சுருதி நம்ம காதுக்கு மந்தமாத்தான் கேட்கும். அதனால அவங்க 200, 300 வாட் கேட்டா அது ஆடம்பரம் இல்ல.

மற்றபடி சேலையூர் நண்பரே, வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க: என் சத்தத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகப்போறது யார்? மிக்ஸர்தான்னா, ஹெட்ஃபோன் ஜாக் இருக்கற, மிக்ஸருக்கு நேரா லைன் அவுட் கொடுக்கற 10, 20 வாட் மாடலிங் ஆம்ப் போதும். ராத்திரி பதினோரு மணிக்கும் வாசிக்கலாம். கையில் காசு கம்மின்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல டி.டி.ஏ. 2030 ஐ.சி. போர்டு வாங்கி, 14 வாட் ஆம்ப் நீங்களே கட்டலாம். சாலிடரிங்கும் கத்துக்கிட்ட மாதிரி ஆச்சு. மிச்சப்படற போனஸ்ல ஒரு நல்ல இயர்பிளக் வாங்குங்க, மீதியை கிளாஸ் ஃபீஸுக்கு வையுங்க.

டவுன்ஷெண்டுக்கு அன்னைக்கு வேற வழி இல்ல, அதனால 100 வாட் கேட்டார். உங்களுக்கு வழி இருக்கு. அடுத்த வாரம் சந்திப்போம்.