இரு இலக்குகளுக்கு இடையே நடந்த முதியவர்

சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் கணியூரில் ஒரு தந்தை நம்மிடம் வந்து தயங்கி நின்றார். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். கல்லூரியில் என்.சி.சி.யில் இருக்கும் அவருடைய மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு முதன்முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். "துப்பாக்கி என்ற பேச்சே நம் வீட்டில் வேண்டாம் என்று நினைக்கிறேன் ஹஜ்ரத். நாளைக்கு யாராவது ஏதாவது சொன்னால்?" என்றார்.

அவருடைய அச்சத்தை நாம் குறை கூறவில்லை. 1998க்குப் பின் கோவை வட்டாரத்தில் பிள்ளை வளர்த்த எவருக்கும் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். ஆயினும் அந்த அச்சத்தையே மார்க்கத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள இயலாது. ஆகவே அவரை உட்காரவைத்து உக்பா பின் ஆமிர் (ரலி) அவர்களைப் பற்றிக் கூறினோம்.

முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் எகிப்தின் ஆளுநராக இருந்த நபித்தோழர் அவர். அல்அன்ஃபால் அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் வரும் 'பலம்' என்பது எய்தல்தான் என நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் மும்முறை உரைத்ததை நமக்கு அறிவித்தவரும் அவரே. முதிய வயதிலும் இரண்டு இலக்குகளுக்கு இடையே நடந்து நடந்து அம்பெய்துகொண்டிருந்தார். ஒரு முனையில் நின்று எய்வது, எதிர் முனைக்கு நடந்து சென்று அம்புகளைப் பொறுக்குவது, அங்கிருந்து திரும்ப எய்வது என்பது அக்காலப் பயிற்சி முறை. இந்த வயதில் ஏன் இந்தச் சிரமம் என ஃபுகைம் அல்லக்மீ என்பவர் கேட்டபோது, எய்தலைக் கற்றபின் கைவிட்டவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததைக் கேட்டிராவிட்டால் தாம் இந்தச் சிரமத்தை மேற்கொண்டிருக்கமாட்டோம் என்று பதிலளித்தார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

எய்தலைச் சிறப்பித்த அதே மார்க்கம் அதற்குக் கடிவாளமும் இட்டது. குறைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்துக் குறி பார்த்து எய்துகொண்டிருந்தனர். தவறிய ஒவ்வோர் அம்பும் பறவையின் சொந்தக்காரருக்கு என்பது பந்தயம். இப்னு உமர் (ரலி) அவர்களைக் கண்டதும் அவர்கள் கலைந்து ஓடினார்கள். உயிருள்ள ஒன்றை இலக்காக ஆக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை அவர் எடுத்துரைத்தார். அம்புடன் பள்ளிவாசலைக் கடப்பவர் அதன் முனையைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும் ஹதீஸ் உண்டு. விளையாட்டாகக்கூடச் சகோதரனை நோக்கி ஆயுதத்தைக் காட்டுவது வானவர்களின் சாபத்துக்கு உரியது.

இன்றைய சுடுதளத்துக்குச் சென்று பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் கற்றுக்கொடுப்பது சுடுவதை அல்ல. குழலின் வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும், சுடாத நேரத்தில் பாதுகாப்புக் கொடி செருகப்பட்டிருக்க வேண்டும், நிறுத்து என்ற கட்டளை வந்த நொடியே நிறுத்த வேண்டும் என்பவையே முதல் பாடங்கள். கட்டளையின் மதிப்பை நாம் உஹதில் கற்றோம். ஹிஜ்ரி 3இல், அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) தலைமையில் குன்றில் நிறுத்தப்பட்ட 50 வில்லாளர்களில் பெரும்பாலோர் சொல் வருமுன் இறங்கியதன் விலை என்னவென்று மக்தப் பிள்ளைகளும் அறிவர்.

பிற்கால ஆசிரியர்கள் இதை ஒரு கல்வியாகவே வளர்த்தனர். கி.பி. 14ஆம் நூற்றாண்டில் மம்லூக் ஆட்சியில் தைபுகா என்பவர் மாணவர்களுக்கென வில்வித்தை நூலே எழுதினார். பிடித்தல், அம்பைப் பொருத்துதல், இழுத்தல், குறி பார்த்தல், விடுதல் எனக் கலையைப் பகுத்துக் கற்பிப்பது அந்த ஆசிரியர்களின் வழக்கம். ரைஃபிள் பயிற்சியாளரும் நிற்றல், பிடித்தல், மூச்சு, குறி, விசை என்று ஏறத்தாழ அதே வரிசையில்தான் தொடங்குகிறார்.

நம் நாட்டில் தேசிய ரைஃபிள் சங்கம் 1951இல் தோன்றியது. அதன் முதல் தலைவர் மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர். தேசியப் போட்டிக்கு ஏறும் படியாக அவர் பெயரிலேயே போட்டி நடக்கிறது. ஏர் ரைஃபிளில் வெடிமருந்து இல்லை. அழுத்திய காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது, அவ்வளவே. பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்! சர்வதேச விதிப்படி 75 நிமிடங்களில் 60 குண்டுகள். இதயத்துடிப்பே குறியைக் கலைக்கும். ஆகவே முதல் போட்டிக்குத் தயாராகும் பிள்ளை, வெள்ளைச் சுவரின் முன் குண்டில்லாத துப்பாக்கியைப் பிடித்து அசையாது நிற்பதையே பெரும்பொழுது பழகுகிறாள். கடைசி வாரத்தில் எதையும் புதிதாக மாற்றாமலிருப்பதும், இரவில் நன்கு உறங்குவதும் அவளுக்கு உதவும்.

பெண்பிள்ளை ஆயிற்றே என்றார் தந்தை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கத்தார் முதன்முறையாகப் பெண்களை அனுப்பியபோது கொடியேந்தி முன்னே நடந்த பஹியா அல்ஹமத், ஏர் ரைஃபிள் வீராங்கனை. அதே போட்டியில் மலேசியாவின் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். 34ஆம் இடம்தான் கிடைத்தது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் மைராஜ் அஹ்மத் கான் 2022இல் சாங்வோன் உலகக் கோப்பையின் ஸ்கீட் பிரிவில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 46.

தந்தை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, போட்டி நாளில் ஃபஜ்ருக்குப் பின் கோவைக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். அங்கே லுஹர் தொழ அருகில் பள்ளிவாசல் உண்டா என்பதையும் கேட்டறிந்து சொல்வதாக நாம் ஒப்புக்கொண்டோம்.