காவிரிப் படுகை எண்ணெய்த் தேடல்

காவிரிப் படுகை எண்ணெய்த் தேடல் என்பது, தமிழகக் கிழக்குக் கரையோரத்தில் நில அதிர்வலைகளாலும் பாறை மாதிரியமைப்பாலும் எண்ணெய் தேங்கிய இடங்களைக் கண்டறியும் பணி.

நில அமைப்பு

கோண்டுவானாப் பெருநிலம் உடையத் தொடங்கியபோது, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்குள்ள அடித்தளப் பாறை பிளந்தது. சில பகுதிகள் பள்ளமாக இறங்கின. சில மேடுகளாக நின்றன. பள்ளங்களில் படிந்த களிப்பாறையில் உருவான எண்ணெய், மணற்பாறை வழியே மேலேறி, கசியவிடாத பாறை தடுத்த இடத்தில் தேங்கியது. அதுவே எண்ணெய்ப் பொறி.

ஆய்வு முறை

அறுவடை முடிந்த வயலில் துளையிட்டு வெடி வைப்பார்கள். வரிசையாக மண்ணில் குத்திய ஜியோபோன்கள் எதிரொலியைப் பதிவு செய்யும். அலை நொடிக்கு 2,500 மீட்டர் சென்றால், 2,000 மீட்டர் ஆழத்துப் பாறையின் எதிரொலி 1.6 நொடியில் மேலே வரும். ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கோத்துப் பாறைகளின் வடிவம் வரையப்படுகிறது. வடிவத்தைத்தான் அலை காட்டும். உள்ளே இருப்பது எண்ணெயா, தண்ணீரா என்பதைக் கிணறுதான் சொல்லும்.

வரலாறு

அரியலூர்ப் பகுதியில் வெளியே தெரியும் கிரெட்டேசியஸ் காலப் பாறைகளைப் புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862இல் விவரித்தார். எதிரொலி முறை 1921இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சோதிக்கப்பட்டது. 1956இல் அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. தோன்றியபின், அந்தப் பத்தாண்டின் இறுதியில் காவிரிப் படுகையில் ஆய்வுகள் தொடங்கின. 1964இல் முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது. வடசென்னையில், மணலியில் 1969இல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியபோது, அதற்கான கச்சா எண்ணெய் ஈரானிலிருந்து கப்பலில் வந்தது. காவிரி டெல்டாவின் எண்ணெய் அப்போது மண்ணுக்கடியிலேயே இருந்தது.

1980களின் நடுவில் காவிரி டெல்டாவின் நரிமணத்தில் தேடலுக்குப் பலன் கிடைத்தது. அந்த எண்ணெய்க்காக 1993இல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறனுள்ள ஆலை வந்தது. அடித்தளப் பாறையைத் தொட்டால் தோண்டுவதை நிறுத்துவதே முன்பு வழக்கம். ஆனால் இதே படுகையின் மாதானத்தில் அந்தப் பாறையின் விரிசல்களிலேயே எண்ணெய் கிடைத்தது, பழைய மாதிரிகளைத் திருத்தியது.

வேளாண் நிலமும் தேடலும்

எண்ணெய்ப் பொறிகளின் மேல் கிடப்பது தமிழகத்தின் நெற்களஞ்சியம். 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலைத் தடுத்தது. ஏற்கெனவே இயங்கிய கிணறுகள் தொடர்ந்தன. கீழே எண்ணெய் இருப்பது தெரிந்தாலும் மேலே விளையும் நெல்லே முதலில் என்று ஒரு மாநிலம் சட்டமாக எழுதியது, இந்தத் தேடல் வரலாற்றின் முக்கியமான திருப்பம்.