டைரக்டரி சர்வர் தரவுத்தளம்: வேகச் சீரமைப்பின் வரலாறு

ஆட்கள், கருவிகள், உரிமங்கள் ஆகியவற்றின் விவரங்களைச் சேர்த்து வைத்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் கணினி டைரக்டரி சர்வர் எனப்படும். பதிவுகள் சில ஆயிரம் மட்டும் இருக்கும்வரை அதன் தரவுத்தளம் எப்படி அமைந்திருந்தாலும் வேலை நடந்துவிடும். எண்ணிக்கை லட்சங்களைத் தொடும்போது சீரமைப்பு தவிர்க்க முடியாததாகிறது.

மீனவர் பதிவேடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழவேற்காடு ஏரிக்கரையில் பதிவேடு கணினிக்கு முந்தியது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை வைப்பது என்பதைப் பாடு முறை சீட்டுப் போட்டு முடிவு செய்தது. பாட்டுக்கு உரியவர் யார் என்பது ஊருக்கே தெரியும். தேட வேண்டிய தேவை எழவில்லை. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நிலைமை மாறியது. மீனவருக்கு அடையாள அட்டையும், படகுகளுக்கு நாடு முழுவதும் ஒரே வடிவிலான பதிவெண்ணும் வந்தன. 2010ஆம் ஆண்டுக் கடல்மீன்வளக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தின் 573 கடல்சார் மீனவ ஊர்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் வாழ்ந்தனர். இவ்வளவு பெரிய பதிவேட்டை எந்த ஊர்ப் பெரியவரும் நினைவில் வைத்திருக்க முடியாது.

இத்தகைய பதிவேடுகளுக்கான உலகப் பொதுத்தரம் எக்ஸ்.500 என்ற பெயரில் 1988இல் வெளியானது. அது அன்றைய சிறு கணினிகளுக்குச் சுமையாக இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸும் கூட்டாளிகளும் அதை எளிமைப்படுத்தி 1993இல் எல்டாப் நெறிமுறையை வெளியிட்டனர். முதலில் எக்ஸ்.500க்குச் செல்லும் பாலமாக மட்டும் இருந்த எல்டாப், சில ஆண்டுகளில் தனித் தரவுத்தளம் கொண்ட சர்வராக வளர்ந்தது. மிச்சிகன் நிரலை அடிப்படையாகக் கொண்டு 1998இல் ஓப்பன்எல்டாப் திட்டம் தொடங்கியது. எழுதுவது அரிது, படிப்பதே மிகுதி என்ற எண்ணம் இந்த வடிவமைப்பு முழுவதிலும் ஓடுகிறது.

2002 முதல் ஓப்பன்எல்டாப் பெர்க்லி டிபி தரவுத்தளத்தை நேரடியாகப் பயன்படுத்தியது. நிர்வாகிகளுக்கு அது கடினமான காலம். பெர்க்லி டிபியின் கேஷ் நினைவகம் இயல்பாக 256 கிலோபைட் மட்டுமே. அதை உயர்த்தாவிட்டால் பெரிய பதிவேட்டில் பெரும்பாலான தேடல்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தொட வேண்டியிருந்தது. அதற்கு மேல் பதிவுகளுக்கு ஒரு கேஷ், தேடல் பட்டியல்களுக்கு இன்னொன்று. ஒரே தகவல் நினைவகத்தின் பல இடங்களில் தங்கியது. ஒன்றைப் பெருக்கினால் மற்றொன்றுக்கு இடம் குறைந்தது.

என் கருத்தில், இதைவிட முக்கியமானது இன்டெக்ஸ் தேர்வு, அதாவது எந்த விவரத்துக்குத் தேடல் பட்டியல் போடுவது என்பது. மீனவர் பதிவேடு ஒன்று ஓப்பன்எல்டாப்பில் இயங்குவதாகக் கொள்வோம். ‘தொழில்: மீன்பிடி’ என்பதற்கு இன்டெக்ஸ் போட்டால் பயனில்லை. ஒரே மதிப்புக்குப் பொருந்தும் பதிவுகள் சுமார் 65,000ஐத் தாண்டினால், பெர்க்லி டிபி கால ஓப்பன்எல்டாப் முழுப் பட்டியலை வைத்துக்கொள்ளாது. முதல் பதிவின் எண்ணையும் கடைசிப் பதிவின் எண்ணையும் மட்டும் குறித்துக்கொண்டு, இடையிலுள்ள அனைத்தையும் துழாவும். ஊர்ப் பெயருக்கு இன்டெக்ஸ் போட்டால் தேடல் அந்த ஊர்க்காரர்களுக்குள் சுருங்கிவிடும்.

படகு எண் இன்னும் நுட்பமானது. தமிழகப் படகுகளின் எண்கள் ‘ஐஎன்டி-டிஎன்’ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்குகின்றன. தொடக்கப் பகுதிக்கான இன்டெக்ஸ் இயல்பாக முதல் 4 குறிகளை மட்டுமே எடுத்துக்கொள்வதால், நாட்டின் எல்லாப் படகுகளும் ஒரே கூட்டில் விழும். முழு எண் தெரிந்தால் முழு மதிப்புக்கான இன்டெக்ஸ் ஒரே பதிவை எடுத்துத் தரும். உப்புக்காற்றில் வண்ணம் உரிந்து கடைசி இலக்கங்கள் மட்டும் தெரியும் படகுக்கு, இறுதிப் பகுதிக்கான இன்டெக்ஸ் உதவும். கரையில் எண்ணை எப்படிப் படிக்கிறார்கள் என்று அறியாமல் இதைத் தீர்மானிக்கக் கூடாது. தேவைக்கு மேல் போடும் ஒவ்வொரு இன்டெக்ஸும் பதிவு மாறும்போது எழுதும் வேலையைக் கூட்டும்.

2011இல் ஹோவர்ட் சூ உருவாக்கிய எல்எம்டிபி, கேஷ் சிக்கலை அடியோடு மாற்றியது. தரவுக்கோப்பு முழுவதையும் அது நினைவக முகவரிகளோடு பிணைத்து, கேஷ் வேலையை இயங்குதளத்திடமே விட்டுவிடுகிறது. படிப்பவர்கள் பூட்டுக்குக் காத்திருப்பதில்லை. எழுதுபவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான். 2021இல் வெளிவந்த ஓப்பன்எல்டாப் 2.5 பதிப்பில் பெர்க்லி டிபி முற்றிலும் நீக்கப்பட்டது. எல்எம்டிபியில் நிர்வாகி தவறாமல் செய்ய வேண்டியது, ஓப்பன்எல்டாப் இயல்பாக வைத்திருக்கும் 10 மெகாபைட் என்ற தரவுக்கோப்பின் உச்ச அளவைப் பதிவேட்டுக்கு ஏற்ப உயர்த்துவது. நீண்ட நேரம் ஓடும் ஒரு தேடல் பழைய தரவுப் பக்கங்களை விடுவிக்காமல் பிடித்துவைத்திருக்கும்; அந்த நேரத்தில் எழுத்தும் தொடர்ந்தால் கோப்பு வீங்கும். ஆகவே அந்த அளவைத் தற்போதைய தரவுக்குச் சரியாக மட்டும் வைக்காமல் தாராளமாகவே ஒதுக்குகிறார்கள்.