ஹளானத்தும் அமானத்தும்

கூடுவாஞ்சேரி வட்டாரத்து மஹல்லா ஒன்றின் பெரியவர்கள் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வினாவுடன் நம்மிடம் வந்தனர். மணவிலக்குப் பெற்ற தாய் ஒருவர், ஐந்து வயது மகன் முற்றிலும் தம் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும், கை நீட்டும் பழக்கமுள்ள தந்தை பிறர் முன்னிலையில் மட்டுமே அவனைக் காண வேண்டும் என்றும் செங்கற்பட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்திருந்தார். பெற்ற தகப்பனுக்குக் காவல் வைப்பது ஷரீஅத்தில் உண்டா என்பதே வினா. இது மேல்நாட்டார் புகுத்திய வழக்கம் என்ற எண்ணம் அதில் தொனித்தது.

குழந்தையை வளர்க்கும் பொறுப்பு ஹளானத். அதன் சொத்து, திருமணம் முதலியவற்றின் மீதான அதிகாரம் விலாயத். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே நம் ஜமாஅத்துகளில் எழும் பூசல்கள் பலவற்றுக்குக் காரணம். விலாயத் தந்தையைச் சாரும். ஹளானத்தில் தாயே முந்தியவர். தன் வயிறும் மார்பும் மடியும் இம்மகனுக்குப் புகலாய் இருந்தன என முறையிட்ட பெண்ணுக்கு, அவர் மறுமணம் செய்யாதவரை அவரே அதிக உரிமையுடையவர் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் அபூதாவூத் (ரஹ்) பதிவு செய்துள்ளார்.

முவத்தாவில் இமாம் மாலிக் (ரஹ்) தரும் நிகழ்ச்சி இன்னும் தெளிவானது. உமர் (ரலி) அவர்கள் தாம் மணவிலக்களித்த அன்ஸாரிப் பெண்ணின் மகன் ஆஸிம், குபா பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடக் கண்டு, கையைப் பற்றித் தூக்கித் தம் வாகனத்தில் முன்னே அமர்த்திக்கொண்டார்கள். தாய்வழிப் பாட்டி ஓடிவந்து தடுத்தார். இருவரும் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றனர். குழந்தையைப் பாட்டியிடமே விட்டுவிடுமாறு தீர்ப்பாயிற்று. உமர் (ரலி) மறுசொல் பேசவில்லை. உமரைப் போன்ற ஒரு தகப்பனுக்கே பிள்ளையை விருப்பம்போல் தூக்கிச் செல்லும் உரிமை இருக்கவில்லை என்றால், மற்றவர்களைப் பற்றி என்ன சொல்வது!

ஷாஃபிஈ மத்ஹபில் நம் மாணவர்கள் தொடக்க வகுப்புகளிலேயே ஓதும் அபூஷுஜாஃ (ரஹ்) அவர்களின் சிறுநூல், ஹளானத்துக்கு ஏழு தகுதிகளை எண்ணுகிறது. அறிவு, ஒழுக்கம் ஆகியவற்றோடு அமானத்தும், அதாவது நம்பத்தக்க தன்மையும், அவற்றுள் ஒன்று. ஒன்று தவறினாலும் உரிமை விழுந்துவிடும். ஹனஃபி நூலான துர்ருல் முக்தார் இன்னும் நுட்பமாக நோக்குகிறது. பொறுப்பாளரின் எல்லாப் பாவமும் அங்கே கணக்கில் வருவதில்லை. குழந்தையைச் சீரழிய விடும் பாவமே உரிமையைப் போக்குகிறது. இந்த அளவுகோல் தாய்க்கும் பொருந்தும் என்பதை மனுச் செய்வோர் மறந்துவிடலாகாது.

ஏழு வயதளவில் பகுத்தறியும் பருவம் வந்தபின் பிள்ளையே பெற்றோருள் ஒருவரைத் தேர்வு செய்யலாம் என்பது ஷாஃபிஈ, ஹன்பலி மரபு. அத்தேர்வையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றவர் அல்லர் அறிஞர். இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் ஆசிரியர் இப்னு தைமிய்யா (ரஹ்) சொல்லக் கேட்ட ஒரு வழக்கை எழுதிவைத்துள்ளார். சிறுவன் தந்தையைத் தேர்ந்தான். காரணத்தைக் கேட்குமாறு தாய் நீதிபதியை வேண்டினாள். தாய் நாள்தோறும் பள்ளிக்கு அனுப்புகிறாள், ஆசிரியர் அடிக்கிறார். தந்தையோ பிள்ளைகளோடு விளையாட விடுகிறார் என்றான் அவன். நீதிபதி அவனைத் தாயிடமே ஒப்படைத்தார்.

சந்திப்பைப் பொறுத்தவரை, ஒருவரிடம் வளரும் பிள்ளையை மற்றவர் காண்பதைத் தடுக்கலாகாது என்பதே விதி. மணவிலக்கான தாய் பிள்ளையுடன் வேற்றூர் செல்வதாயின், தந்தை வந்து கண்டு அன்றே வீடு திரும்பக்கூடிய தொலைவுக்குள் இருத்தல் வேண்டும் என ஹனஃபி நூல்கள் வரையறுக்கின்றன. திருவல்லிக்கேணித் தந்தைக்குக் கூடுவாஞ்சேரி அந்த எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மின்சார ரயில் அதற்குச் சான்று. பிறர் முன்னிலைச் சந்திப்பு என்ற பெயரில் தனி ஏற்பாடு எதையும் நாம் ஓதிய கிதாபுகளில் காணோம். எனினும் தீங்கு செய்தலும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்தலும் கூடாது என்ற நபிமொழி, அத்தகைய ஏற்பாட்டைக் காஜி செய்வதற்குப் போதுமான அடிப்படையாகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம், மைனரின் நலனை அவரவர் சமயச் சட்டத்துக்கு இசைய நோக்குமாறு நீதிபதியைப் பணித்தது. 1918-இல் பிரிவி கவுன்சிலில் அமீர் அலி எழுதிய தீர்ப்பு, தாய்க்கு வளர்ப்புரிமை உண்டு, இயற்கைப் பாதுகாவலர் நிலை இல்லை எனப் பிரித்துக் காட்டியது. நாம் மேலே கூறிய வேறுபாடுதான் அது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவோ, சந்திப்பு குழந்தையின் நலனுக்குக் கேடாகும் என மாஜிஸ்திரேட் கருதினால் அதை மறுத்தாக வேண்டும் என்கிறது. அங்கே சந்திப்பே நின்றுவிடுகிறது. இத்தாய் கேட்டதோ அதனினும் மென்மையானது.

ஷரீஅத் மன்றங்களின் ஃபத்வாவுக்குச் சட்டக் கட்டாயம் இல்லை என உச்சநீதிமன்றம் 2014-இல் கூறியதைப் பெரியவர்களுக்கு நினைவூட்டினோம். பாட்டனார் இல்லத்தில், இருதரப்பும் நம்பும் ஒருவர் உடனிருக்க, தந்தை மாதம் இருமுறை மகனைக் காணட்டும். நீதிமன்றம் வேறு கூறின் அதுவே செல்லும் என்று எழுதிக் கொடுத்தோம். உடனிருப்பவர் யார் என்பதை முடிவு செய்யவே அவர்களுக்கு மூன்று ஜும்ஆக்கள் ஆயின.