கோலாரில் விழுந்த தடயம், பொட்டிபுரத்தில் நிற்கும் கேள்வி

போடியிலிருந்து தேவாரம் போற பஸ்ல சிலமலையைத் தாண்டினா, மேற்கே அந்த மலை கூடவே வரும். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புகள் ஏறுற அதே மலைத்தொடர். பொட்டிபுரத்துல இந்த மலையைக் குடைஞ்சு நியூட்ரினோ ஆய்வகம் கட்டத் திட்டம் போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குள்ள இன்னொரு தேடலும் இருந்துச்சு. இன்னிக்கு அதைத்தான் பேசப் போறோம்.

கதை தொடங்குறது கோலார் தங்கவயல்ல. ஆமாங்க, படத்துல பார்த்த அதே கே.ஜி.எஃப். தான். 1965இல், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்துல, டாடா ஆய்வு நிறுவனமும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து வளிமண்டல நியூட்ரினோவைப் பிடிச்சாங்க. உலகத்திலேயே முதல் பதிவுகள்ல ஒண்ணு. ஆனா அதே சோதனையில சில விசித்திரத் தடங்களும் விழுந்துச்சு. ஒரே புள்ளியிலிருந்து இரண்டு மூன்று துகள்கள் கிளம்புது. அந்தப் புள்ளி பாறைக்குள்ள இல்ல, வெறும் காற்றுல! அங்கே நியூட்ரினோ எதோடவும் மோத வாய்ப்பே குறைவு. அப்படின்னா ஏதோ ஒரு கனமான துகள் அங்கேயே சிதைஞ்சிருக்கணும். 1975இல் இதை வெளியிட்டாங்க.

கோட் எழுதுறவங்களுக்கு இந்த வலி புரியும். லாக்ல விரல்விட்டு எண்ணக்கூடிய சில வரிகள் இருக்கு, மறுபடி வர வைக்க முடியல. பக்-ஆ, நிஜமா?

கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழிச்சு, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் ஒரு விளக்கம் சொன்னாங்க: அது கரும்பொருள் துகளோட சிதைவா இருக்கலாம், நிறை புரோட்டானைப்போல 5 முதல் 10 மடங்கு. நம்ம பால்வெளி முழுக்க கரும்பொருள் நிரம்பியிருக்கு. இந்த நிறைக்குக் கணக்கு போட்டா, நீங்க உட்கார்ந்திருக்கிற அறையில ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30,000 முதல் 60,000 துகள்கள். அதை நேரடியாப் பார்க்க முடியாது. செத்த பிறகு விட்டுப்போற தடத்தைத்தான் பார்க்கலாம். இது நிரூபணம் இல்ல, ஊகம்தான். சரிபார்க்க வழி? ஆழத்துல ஒரு பெரிய காலி அறை. இடம் பெரிசானா, சிதைவும் அதிகம் சிக்கும். அவங்க கை காட்டின இடங்கள்ல ஒண்ணு, நம்ம பொட்டிபுரம் குகை.

முதல்ல நீலகிரியில சிங்காராவைப் பார்த்தாங்க, 2009இல் அனுமதி கிடைக்கல. பிறகுதான் இங்கே வந்தாங்க. 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்துச்சு. போராட்டம், வழக்கு எல்லாம் வந்துச்சு. நியூட்ரினோவால ஆபத்துன்னு பரவின பேச்சுல சத்து இல்ல. அது எப்பவும் நம்ம உடம்பு வழியாப் போய்க்கிட்டேதான் இருக்கு. ஆனா மலையில வெடி வைக்கிறது, தண்ணி, காடு பத்தின பயத்தை அப்படித் தள்ளிட முடியாது. புலிகள் நடமாடுற வழித்தடம்னு சொல்லி, 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துல திட்டத்தை எதிர்த்துச்சு.

மதுரையில 85 டன் எடையில மினி மாதிரி ஒண்ணு இருக்கு. அது தரை மேல. விண்ணிலிருந்து கொட்டுற மியூவான் மழைக்கு நடுவுல கோலார் மாதிரி ஒரு தடத்தைப் பிரிச்சு எடுக்க முடியாது. கோலார் சுரங்கமோ 2001லயே மூடியாச்சு.