நான்கு முகப்பு, ஒரே வாக்கியம்

இத்தாலியின் விசென்சா நகரை ஒட்டிய குன்றின்மேல் நிற்கும் ரொட்டோண்டாவை எல்லோரும் கிராமத்து மாளிகை என்றே சொல்கிறார்கள். அதை வடிவமைத்த ஆந்த்ரேயா பல்லாடியோ அப்படிச் சொல்லவில்லை. 1570-இல் வெனிஸில் அச்சான அவருடைய ‘கட்டடக்கலையின் நான்கு நூல்க’ளில் இரண்டாவதைப் புரட்டினால், இது நகர வீடுகளின் வரிசையில் இருக்கிறது. பண்ணை மாளிகைகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அச்சுக்கோத்தவர் இடம் மாற்றிவிட்டாரோ என்று சந்தேகப்படவும் வழியில்லை. நகரத்திலிருந்து கால் மைலுக்கும் குறைவான தூரம், ஆகவே இங்கே சேர்த்தேன் என்று அவரே காரணம் எழுதிவைத்திருக்கிறார்.

வீட்டைக் கட்டச் சொன்ன பாவ்லோ அல்மெரிகோவைத் தேடினேன். ரோமில் நான்காம் பயஸ், ஐந்தாம் பயஸ் என்ற இரண்டு போப்புகளிடம் பதவி வகித்துவிட்டு ஊர் திரும்பிய மதகுரு அவர். காலக்கணக்குக்கும் இந்த இடத்தில்தான் பிடி கிடைத்தது. ஒரு காலத்தில் இந்த வீட்டை 1550-ஐ ஒட்டிக் கட்டியது என்று எழுதிவந்தார்கள். ஐந்தாம் பயஸ் பதவியேற்றதோ 1566 ஜனவரியில். 1570-இல் வெளியான புத்தகம், படிக்கட்டு ஓரத்துச் சிலைகளைச் செதுக்கிய லொரென்சோவையும் குறிப்பிடுகிறது. ஆக, வேலை தொடங்கியது இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில்தான்.

அச்சில் உள்ள மரச்செதுக்குப் படத்தில் களஞ்சியம் இல்லை, தொழுவம் இல்லை. நடுவே வட்டக் கூடம், நாற்புறமும் ஆறாறு அயோனியத் தூண்கள் தாங்கும் முகமண்டபம், அவ்வளவுதான். விருந்தாளிகளை அழைத்துக் குன்றையும் ஆற்றையும் காட்ட நினைத்தவரின் வீடு இது. ஏர் பூட்டும் வேலை அவருக்கு இல்லை.

படத்தைக் கட்டடத்தோடு ஒப்பிட்டால் கவிகை இடிக்கிறது. படத்தில் இருப்பது நிமிர்ந்த அரைக்கோளம். குன்றின்மேல் இருப்பது படிப்படியாக அடங்கிய தாழ்ந்த கூரை. பல்லாடியோ 1580-இல் இறந்துபோக, மீதி வேலையை முடித்தவர் வின்சென்சோ ஸ்கமோத்சி. கூடத்தின் தரையில், சரியாக நடுமையத்தில், முகம்போல் செதுக்கிய கல் வடிகால் ஒன்று இருக்கிறது. மேலே மூடிய கூடத்துக்கு வடிகால் எதற்கு? ரோமின் பாந்தியனைப் போல உச்சியைத் திறந்து விடத்தான் முதலில் எண்ணியிருக்க வேண்டும் என்பது என் முடிவு.

அல்மெரிகோ 1589-இல் காலமானார். 1591-இல் வீடு காப்ரா சகோதரர்களான ஒதோரிகோ, மாரியோ கைக்குப் போனது. நுழைவுப் பாதையோரம் நீண்டு கிடக்கும் பண்ணைக் கட்டடத்தை அவர்களுக்காக ஸ்கமோத்சி கட்டினார். கிராமத்து மாளிகை என்ற பெயருக்கு இந்தக் கட்டடமே பெரிதும் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு ஆவணம் கல்லிலேயே இருக்கிறது. நான்கு முகப்புகளிலும் லத்தீனில் ஒரே வாக்கியத்தைப் பங்கிட்டு வெட்டியிருக்கிறார்கள். கபிரியேலின் மகன் மாரியோ காப்ரா, இந்த வீட்டையும் பெருவழிக்கு அப்பாலுள்ள வயல், பள்ளத்தாக்கு, குன்றுகளையும் மூத்த மகன் வழிக்கே உரியதாகக் கட்டிவைத்தார் என்பது அதன் சாரம். அல்மெரிகோ பெயரும் அதில் இல்லை, பல்லாடியோ பெயரும் இல்லை. கிட்டத்தட்ட ஒரு சொத்துப் பத்திரம்! விசென்சாவுக்குப் போகிறவர்கள் நேரே கூடத்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று வந்து அதை வாசியுங்கள்.